போன் வீட்டு விருந்தாளிகள்

மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, முக்கி முனகி, ஒருவழியாக அமெரிக்காவைத் தொட்டுவிட்டது என்று கிருபாசங்கர் மூச்சுவிட்ட நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க தம்பி, போனுக்குள்ள யாரோ கத்தறாங்க! உசுரு போற கத்து!"

பக்கத்து வீட்டு ராசாத்தாள் சமையலறைப் போனை எடுத்துவிட்டாள். இரண்டுக்கும் ஒரே லைன் என்பதால் இன்டர்நெட் இணைப்பு அறுந்தது. காலையிலிருந்து இதே கூத்து.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போத்தனூரில் அந்த வீதிக்கே போன் கிருபாசங்கர் வீட்டில்தான். அத்தனை பேரும் உறவுக்காரர்களுக்கு அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். விலாசம் கேட்டால்கூட, "போன் ஊடுன்னு கேளுங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

ஆனால் இன்றைக்கு அந்தப் போன் கம்ப்யூட்டருக்கு வேண்டும். இன்டர்நெட் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று ஊர் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தனி ஆட்களுக்குக் கோவையில் ஓர் அறக்கட்டளை மாதாமாதம் பணம் கொடுத்து வந்தது. கிருபாசங்கருக்கும் வந்தது. இன்று அங்கிருந்து ஆள் வந்து வகுப்பைப் பார்க்கப் போகிறார். பிடித்தால் பணம் தொடரும். பிடிக்காவிட்டால் பொள்ளாச்சியில் மாமனார் நஞ்சுண்டனின் கொப்பரைக் கிடங்குதான் கதி. மாமனார் அவனுக்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

"எனக்கு ஒரு போன் வரோணுமுங்க தம்பி. இன்னைக்கு ஊட்டுக்கு..."

"எல்லாம் அப்புறமுங்க அக்கா!" சமையலறைப் போனின் வயரைப் பிடுங்கினான். "அக்ஷயாவை மட்டும் சீக்கிரம் அனுப்பி வையுங்க."

அக்ஷயா ராசாத்தாளின் மகள். அவனிடம் உருப்படியாகப் படித்த ஒரே ஆள்.

"அவ இன்னைக்கு வரமாட்டாளுங்க. அதைச் சொல்லத்தானுங்க வந்தேன்" என்று முனகிக்கொண்டே ராசாத்தாள் போய்விட்டாள்.

மாணவி இல்லாத வகுப்பை எப்படிக் காட்டுவது? அதற்குள், போன் பேச வந்தவர்களும் போனுக்காகக் காத்திருந்தவர்களும் கூடத்தில் நிறைந்துவிட்டார்கள்.

"என்னங்க இது, ரயில்வே ஸ்டேசனாட்டம்?" என்றாள் மனைவி கீதா.

"பேசாம இரு. இவங்கதான் இன்னைக்கு ஸ்டூடன்ட்டுக."

கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "வர்றவங்க என்ன கேட்டாலும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எல்லாம் தொறந்து கெடக்குது, பூட்டே கெடையாது, யாரு வேணாலும் எடுத்துக்கலாம், காசு வேண்டாம். அவ்வளவுதானுங்க. அவரு போனதும் சாயங்காலம் வரைக்கும் போன் உங்களுது."

"எது தொறந்து கெடக்குதுங்க?" என்றார் ரிடையர்டு ரயில்வே கார்டு அரங்கசாமி.

"அது அவங்களுக்குத் தெரியுமுங்க."

ஓர் ஆள் வருவார் என்று பார்த்தால் மூன்று பேர் வந்தார்கள். பெரியவர், அவர் மனைவி, நிமிர்ந்தே பார்க்காத ஓர் இளைஞன். கையில் பழம், மல்லிகைப் பூ. அறக்கட்டளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கிருபாசங்கர் நெகிழ்ந்துபோனான்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் எதிர்பாத்துட்டிருக்கறமுங்க!"

வந்தவர்களை யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்பது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. முதலில் தண்ணீர், பிறகு பலகாரம், பிறகு காப்பி. வந்த காரியம் அதற்கும் பிறகுதான். வந்தவர்களும் தாமாக வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த அம்மாள் மட்டும், உப்புமா கொண்டுவந்த கீதாவின் கால் மெட்டியையே உற்றுப் பார்த்தாள். இவர்கள் எதையும் விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று கிருபாசங்கர் நினைத்துக்கொண்டான்.

கையோடு கம்ப்யூட்டர் முன்னால் மூவரையும் உட்கார வைத்தான். மோடம் அலறியது. அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். நயாகரா நீர்வீழ்ச்சி மேலிருந்து கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. தண்ணீர் கண்ணில் படுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

"இதைப் பாக்கறதுக்குங்களா வந்தோம்?" என்றாள் அவள் கணவரிடம்.

"சித்தெ சும்மாயிரு" என்ற பெரியவர், மெதுவாக அரங்கசாமி பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க, இந்த ஊடு எப்படிங்க?"

அரங்கசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாம் தொறந்துதானுங்க கெடக்குது. பூட்டே கெடையாது."

"பூட்டே கெடையாதுங்களா?"

"யாரு வேணாலும் எடுத்துக்கலாமுங்க. காசே வேண்டாம்!"

கூடமே ஆமாம் போட்டது. அந்த அம்மாள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். இளைஞன் முதல்முறையாக நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். மூவரும் எழுந்துவிட்டார்கள்.

"நாங்க ஊட்டுக்குப் போயிக் கலந்துபோட்டுச் சொல்லி அனுப்பறமுங்க."

கொங்கு நாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று கிருபாசங்கருக்கா தெரியாது? அவர்கள் போன திசையைப் பார்த்தபடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கொப்பரை வாடை இப்போதே மூக்கில் அடித்தது. அழுகைகூட வந்தது.

"எங்கப்பாவுக்குப் போன் பண்ணட்டுங்களா?" என்றாள் கீதா.

"பண்ணு. மொதல்ல வயரைச் சொருகு."

அப்போது ராசாத்தாள் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

"தம்பி! அக்ஷயாவைப் பொண்ணு பாத்துட்டாங்க! மதுக்கரையிலிருந்து அப்பா, அம்மா, பையன்னு மூணு பேரு வாரதாச் சொல்லியிருந்தாங்க. போன் ஊடுன்னு விசாரிச்சு வாங்க, வழி தெரியலைன்னா போன் பண்ணுங்கன்னேன், நீங்க வயரைப் புடுங்கிப்போட்டீங்க!"

கிருபாசங்கரின் பார்வை, வந்தவர்கள் விட்டுப்போன மல்லிகைப் பூவின் மேல் போய் நின்றது.

"ஆனா பையன் மட்டும் ஒத்தையில வந்து வீதியில முழிச்சிட்டு நின்னாருங்க, நாந்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன். காப்பி குடிச்சதும் புள்ளைகிட்ட இன்டர்நெட்டப் பத்தியே நோண்டி நோண்டிக் கேட்டாருங்க. அவளும் ஒண்ணு விடாம சொல்லிப்போட்டா. மனுசன் பூரிச்சுப்போயிட்டாரு!" ராசாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டுந்தானுங்க புரியலை. எத்தனை பவுன் போடுவீங்கன்னு கேப்பாருன்னு பாத்தா, 'இந்தப் புள்ளைக்குச் சொல்லிக்குடுத்தவருக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு நாங்க பணம் தாரோம்'ங்கறாரு... இது எந்தூரு சீருங்க தம்பி?"