மிதக்கும் வீட்டுக்குக் கோணம் சொன்னவர்

கால்குலேட்டர் சொல்லிவிட்டால் தன் கண்ணையே நம்பாத ஓர் இனம் உண்டு. எங்கும் காணலாம், சிலி நாட்டின் சிலோயே தீவில் அதற்குப் பெயர் தோன் பெலார்மினோ.

உருளைக்கிழங்கு வயலோ கூரையோ படகுத்துறையோ, எங்கே சரிவைக் கண்டாலும் நிற்பார், ஏற்றத்தைக் கிடைமட்டத்தால் வகுப்பார், தலைகீழ் டேன் பொத்தானை அழுத்துவார், கோணத்தைச் சொல்வார். கேட்டீர்களா? கேட்க வேண்டியதே இல்லை.

"கோணத்தைக் குடுத்தா டேன் விகிதத்தைக் குடுக்கும். விகிதத்தைக் குடுத்தா தலைகீழ் டேன் கோணத்தைத் திருப்பிக் குடுக்கும். இதுல பயப்பட என்ன இருக்கு?"

யாரும் பயப்படவில்லை என்பதை அவர் கவனித்ததே இல்லை.

அன்றைக்கு எதெல்மிராவின் வீடு கடலில் இருந்தது. அங்கே இடம் மாறுகிறவர்கள் மூட்டை கட்டுவதில்லை. மர வீட்டையே பெயர்த்து, மாடு பூட்டி இழுத்து, ஓதம் ஏறும்போது நீரில் இறக்கி, படகுகளில் கட்டி அக்கரை சேர்ப்பார்கள், ஊரே வரும், கூலி கிடையாது, வீட்டுக்காரி வயிறாரச் சோறு போட்டால் போதும். ஓதம் வடிவதற்குள் வீடு கரையேற வேண்டும். தவறினால் சேற்றில் அமர்ந்து பலகை பிளந்துவிடும். நடுநீரில் பனி மூடியது. முன்படகில் பெலார்மினோவுக்குப் பக்கத்தில் இருந்த எதெல்மிரா பின்னால் வந்த தன் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரை எந்தப் பக்கம்யா?" என்று கேட்டான் படகோட்டி எரிபெர்த்தோ.

"பொறுப்பா. அக்கரை இங்கேர்ந்து மேற்கே நானூறு மீட்டர், தெற்கே முந்நூறு. கிழக்கும் வடக்கும் பிளஸ்னா இது ரெண்டும் மைனஸ். நானூறை முந்நூறால வகுத்தா மைனஸும் மைனஸும் அடிபட்டுப் போச்சு." பெலார்மினோ பொத்தானை அழுத்தினார். "அம்பத்து மூணு டிகிரி. வடக்குலேர்ந்து கிழக்குப் பக்கமா திருப்பு."

"கிழக்கா? மேற்கேன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றாள் எதெல்மிரா.

"இது உன் அடுப்படிக் கணக்கு இல்லம்மா."

பனியில் உறுதியாகப் பேசுகிறவரைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். திசைகாட்டியைப் பார்த்துப் படகுகள் திரும்பின. கொஞ்ச நேரத்தில் கரை வந்தது. அதில் ஒரு வெற்று மனை, சுற்றிலும் அடிக்கட்டைகள் பிடுங்கிய குழிகள்.

"அக்கா," என்றான் எரிபெர்த்தோ, "உங்க வீட்ட பத்திரமா உங்க வீட்டுக்கே கொண்டாந்துட்டோம்."

"கோணம் தப்பில்லையே," என்றார் பெலார்மினோ. "கோடு அதே கோடுதான். நாம எதிர் முனைக்கு வந்துட்டோம், அவ்வளவுதான்."

அது உண்மை, அதுதான் கொடுமை. பொத்தானுக்கு விகிதம் மட்டுமே போய்ச் சேர்கிறது. மைனஸ் இரண்டும் வழியிலேயே தொலைந்துவிடுகின்றன. அவற்றை நினைவில் வைத்து நூற்றெண்பது டிகிரி கூட்டிக்கொள்வது அழுத்துகிறவரின் பொறுப்பு.

"இவர் காட்டுன திசைக்கு நேர் எதிரா ஓட்டுப்பா," என்றாள் எதெல்மிரா. "முழு வேகத்துல."

வடிகிற நீரோடு போட்டி போட்டு வீடு அக்கரை சேர்ந்தது. பலகைகள் தப்பின, ஒரு மூலை மட்டும் சேற்றில் புதைந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பெலார்மினோ வாசற்படியை அளந்துகொண்டிருந்தார்.

"மூணு டிகிரி சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கமா?" என்றாள் எதெல்மிரா.

வீடு எதிரிலேயே நின்றது. அவர் குனிந்து கால்குலேட்டரைப் பார்த்தார்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் கைபேசி சொன்னதென்று போன வாரம் யாருடைய கொல்லையிலோ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, அந்த வீட்டுக்காரரிடமே வழி சரிதான் என்று வாதாடினீர்களே, அவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாராம்.