ஐஸ் வண்டியில் வந்த அப்பா

இத்தனை பேரை அவமானப்படுத்திவிட்டு அடி வாங்காமல் ராயபுரத்தில் திரிகிற ஆள் மெழுகு ஒருத்தன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். மெழுகில் ஆள் உருவம் செய்வான், அதனால் அந்தப் பெயர். முதலாளி கிடையாது, கேட்டவர்களுக்குச் செய்வான். என் பக்கத்து வீடு. டீக்கடையில் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, "நைனா, உன் எடது மூக்கு ஓட்ட பெருசா கீது" என்பான். டீ இறங்குமா?

நேர்த்திக்கடனாக மாதா கோயிலில் மெழுகுக் கை, கால் வைப்பது எங்கள் வழக்கம். கடையில் எல்லாம் ஒரே அச்சு. முட்டிவலி ரோஸி அக்கா பாவம், இவனிடம் கேட்டுவிட்டார். வீட்டுக்கே போய்ப் பார்த்து, வீக்கம், நரம்பு, கொசுக்கடி வரை செய்து கொண்டுவந்தான்.

"இன்னாடா இது, இம்மாம் கலீஜா கீது?"

"எந்தக் காலுன்னு மாதாவுக்குத் தெரிய வேணாமாக்கா?"

அடுத்த மாதம் அக்கா மீன் வாங்க நடந்தே போனார்.

ஒரு கட்சிப் பிரமுகர் தன் சிலைக்குத் தொப்பையைக் குறைக்கச் சொன்னார். "நீ மொதல்ல கொற தலைவா. அப்பால நான் கொறக்கறேன்" என்றான். வந்த வேலை அப்படியே திரும்பிப் போனது. இவனுக்கு வெட்கமே இல்லை.

அப்போதுதான் எங்கள் தெரு ஸ்டெல்லாவின் கல்யாணம் வந்தது. அவள் அப்பா காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு டிரைவர். போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். "எங்கப்பா பக்கத்துல நிக்காம நான் மேடையேற மாட்டேன்" என்றாள் பெண். அப்பாவைச் சிலையாகச் செய்ய மெழுகைக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் செவப்பா, சிரிச்ச மாரி செய்யிப்பா" என்றார் அவள் அம்மா.

"அந்தாளு என்னிக்கு சிரிச்சாரு? சிரிச்சா அது வேற யாரோ."

தலைமுடியை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திக் குத்தி வைத்தான். முறைப்பை மட்டும் பத்துத் தடவை அழித்துச் செய்தான்.

கல்யாணத்தன்று மே மாத வெயில். சிலையை மண்டபத்துக்குக் கொண்டுபோக வரவேண்டிய ஏசி வண்டி எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இந்த ரோட்டைச் சரிசெய்ய ஒருத்தனுக்கும் துப்பில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மெழுகு வீட்டு ஃபேன் நின்றது. அப்பா முகம் பளபளவென்று மின்ன ஆரம்பித்தது.

"நைனா, மூக்கு எறங்குது!" என்று அலறினான். அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை. ரோட்டுக்கு ஓடி, காசிமேட்டிலிருந்து வந்த மீன் ஐஸ் வண்டிக்குக் குறுக்கே விழுந்தான். கோட்டு சூட்டோடு அப்பாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வஞ்சிரம் பெட்டிகளுக்கு நடுவில் ஐஸில் படுக்கவைத்தோம். தலையை நான் பிடித்துக்கொண்டேன். கை மரத்தே போனது.

மண்டபத்தில் இறக்கி நிறுத்தினோம். மூக்கு தப்பியது. முறைப்பு தப்பியது. ஆனால் நாற்றம்! மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்தினார்கள். "இன்னா இது, மீன் மார்க்கெட்டா?" என்றது ஒரு பெரிசு. மெழுகு தலையைத் தொங்கப்போட்டான். எனக்கு அந்தப் பெரிசை அறையலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா ஓடிவந்து கோட்டில் முகத்தைப் புதைத்தாள். நிமிரவே இல்லை.

"யம்மா... அப்பா வாசனைமா! கரைக்கு வந்து நேரா இங்க வந்த மாரியே கீறாருமா!"

அம்மா அருகில் வந்தார். புருவத்தைத் தொட்டார். "இப்பக்கூட என்னியத்தான் மொறைச்சிகினு கீறாரு பாரு" என்று அழுதுகொண்டே சிரித்தார். மண்டபமே விசிலடித்தது. மூக்கைப் பொத்திய அதே பெரிசு முதல் ஆளாக வந்து அப்பாவின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தது. பெண் அப்பாவோடு மேடையேறினாள்.

மெழுகு ஒரு மூலையில் பிரியாணி தின்றபடி ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை எப்படா செய்யப்போற?" என்றேன்.

"நீ இன்னும் கோவப்பட்டுகினே கீற நைனா. மூஞ்சி இன்னும் முடியல."

மூஞ்சி முடிந்துவிட்டால் அவன் என்னை உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிடுவான். அதனாலேயே கோபத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.