சீமைப் பெருச்சாளிக்கு முதல் பந்தி

ஒரு தம்பதியைச் சேர்த்து வைத்தே தீருவது என்று தீர்மானம் செய்தேன். மாப்பிள்ளை பெயர் ஜெனரல். பெண் பெயர் டெய்ஸி. இரண்டும் ‘கினி பிக்’ என்கிற சீமைப் பெருச்சாளிகள்.

எங்கள் கல்கத்தா ஆபீஸ் துரை கோடைக்கு டார்ஜிலிங் புறப்பட்டார். அவர் மகள் ஆசையாக வளர்க்கும் ஜோடி இது. கூண்டை என் கையில் கொடுத்தார்.

“கிருஷ்ணா, இரண்டும் ஓயாமல் சண்டை. நீ குடும்பஸ்தன். நான் வருவதற்குள் ஒற்றுமையாக இருக்கப் பழக்கு. ஒரு கடிகூட இருக்கக்கூடாது.”

சொல்லிவிட்டு, காலியாக இருந்த ஹெட் கிளார்க் நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை போதாதா? சிவராமகிருஷ்ணனாகிய நான் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, டிராம் ஏறி, பவானிபூருக்கு வந்து சேர்ந்தேன்.

என் மனைவி நாகலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

“ஏன்னா, பிள்ளையாரைக் காணோம், வாகனம் மட்டும் வந்திருக்கு? அதுவும் ரெண்டு!”

“சிரிக்காதே. என் ஹெட் கிளார்க் வேலை இதுகள் கையில இருக்கு.”

“கை எங்கே இருக்கு? ஒரே வயிறாத்தான் இருக்கு” என்று ஜெனரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

குடும்பத்தில் சண்டை ஏன் வருகிறது? முறை தவறுவதால். எங்கள் வீட்டையே பாருங்கள். முதலில் நான் சாப்பிடுவேன். நான் எழுந்த பிறகு அதே இலையில் நாகலக்ஷ்மி சாப்பிடுவாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். ஒருநாளும் அவள் என்னைக் கடித்ததில்லை.

ஆகவே கூண்டிலும் அதே சட்டம். ஒரே கிண்ணம். முதல் பந்தி ஜெனரலுக்கு. அதுவரை டெய்ஸியை ஒரு முறத்தால் தடுத்து வைப்பேன். ஜெனரல் தின்றதும் முறத்தை எடுப்பேன். டெய்ஸி கிண்ணத்தை நெருங்கும். ஜெனரல் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு பாயும். டெய்ஸி அலறும். நானும் அலறுவேன், ஏனென்றால் கடி பெரும்பாலும் என் விரலில்தான் விழும். நாளாக ஆக ஜெனரல் கொழுத்தது, டெய்ஸி இளைத்தது. நான் தளரவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் முறத்தைப் பிடித்தேன்.

“ரெண்டு கிண்ணம் வையுங்கோன்னா, ஒண்ணுக்கொண்ணு தள்ளி” என்றாள் நாகலக்ஷ்மி. “ஒளிஞ்சுக்க ஆளுக்கொரு பொட்டி. அதுக்கு ரெண்டு வாசல் வெட்டணும். துரத்தினா ஓட வழி வேணுமே.”

“ரெண்டு கிண்ணம்னா ரெண்டு குடித்தனம்டி! கூடவே கூடாது.”

“ஒருத்தர் பசியோட காத்துண்டிருக்கிற இடத்துல ஒத்துமை எப்படி வரும்?”

“ஏன், நீ காத்துண்டிருக்கலையா?”

“அதைத்தான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை மாடியாத்துல சீட்டாடிட்டு மூணு மணிக்கு இறங்கி வரேள். அதுவரைக்கும் எனக்குப் பச்சைத்தண்ணிதான். எனக்கும் பல்லு நறநறங்கறது.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொள்கை கொள்கைதானே? “முடியாது” என்றேன்.

“அப்போ பந்தயம். என் வழியில சண்டை நின்னா, நம்மாத்துலயும் ரெண்டு இலை, ஒரே நேரத்துல.”

சத்தம் கேட்டு இறங்கி வந்த மாடிவீட்டுச் சந்தானம், “நான் சாட்சி” என்று சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சீட்டாட்டத்தில் என்னிடம் தோற்ற கடுப்பு அவருக்கு.

நாகலக்ஷ்மி கூடத்தைப் பெருக்கித் துடைத்தாள். அங்கே இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வைத்தாள். இந்த மூலையில் ஒரு கிண்ணம், அந்த மூலையில் ஒரு கிண்ணம். நடுவே பால்காரன் கொண்டுவந்த அருகம்புல் ஒரு குவியல். ஜெனரலையும் டெய்ஸியையும் சேர்த்து அங்கே விட்டாள். ஜெனரல் உறுமியது. நான் முறத்தோடு பாய்ந்தேன்.

“சும்மா இருங்கோ! ரத்தம் வந்தாப் பிரிக்கலாம். உறுமறதுக்கெல்லாம் பிரிச்சா எப்போ பழகறது?”

டெய்ஸி பெட்டிக்குள் ஓடி மறுவாசலால் வெளியே வந்தது. ஜெனரல் துரத்திப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்த் தன் கிண்ணத்துக்குத் திரும்பியது. சில நாட்களில் இரண்டும் ஒரே குவியலில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து புல் மென்றன.

“தோத்தீரா, ஓய்?” என்றார் சந்தானம்.

தோற்பதா? நானா?

“இது நான் கொடுத்த பயிற்சியோட பலன். முதல் பந்தி போட்டு ஜெனரலோட அந்தஸ்தை நிலைநாட்டினது யார்? அதனாலதான் அது இப்போ பெருந்தன்மையா இருக்கு. என் சட்டம்தான் ஜெயிச்சது. கூண்டுல எதுவோ அதுதான் இந்த ஆத்துலயும்! ஜெனரல் எழுந்தப்புறம்தான் டெய்ஸிக்கு இலை!”

நாகலக்ஷ்மி கொஞ்சமும் கோபப்படவில்லை. அங்கேயாவது நான் உஷாராகியிருக்கலாம்.

“அப்புறம் மாத்திப் பேச மாட்டேளே?”

“பூணூலைப் பிடிச்சுண்டு சொல்றேன். சத்தியம்!”

“கேட்டேளா மாமா?” என்று சந்தானத்திடம் சொல்லிவிட்டு, ஜெனரலின் பெட்டியை மெல்லத் தூக்கினாள்.

ஜெனரல் ஒருக்களித்துக் கிடந்தது. மூன்று குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

“ஜெனரல்... பொண்ணா?”

“துரையோட பொண்ணு சின்னக் குழந்தை. வாயில வந்த பேரை வெச்சிருக்கு. இத்தனை நாளா முறத்தால மறிச்சுப் பட்டினி போட்டேளே, அந்த டெய்ஸிதான் ஆத்துக்காரர்.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“தூக்கின அன்னிக்கே. நீங்க பேரைப் பாத்தேள், நான் வயித்தைப் பாத்தேன். புள்ளத்தாச்சியை ஒண்டக்கூட இடமில்லாம அடைச்சு வெச்சா கடிக்காம என்ன பண்ணுவா?”

துரை திரும்பி வந்தார். இரண்டு கொடுத்தவருக்கு ஐந்து கிடைத்தது, ஒன்றிலும் கடியில்லை. “கெட்டிக்காரன் கிருஷ்ணா!” என்று முதுகில் தட்டி, ஹெட் கிளார்க் நாற்காலியைக் கொடுத்துவிட்டார்.

வீட்டில்தான் நிலைமை வேறு. ‘இரண்டு இலை, ஒரே நேரம்’ என்ற அவளுடைய பழைய பந்தயத்துக்கே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். “பூணூலைப் பிடிச்சுச் செஞ்ச சத்தியம்னா! பாவம் வந்துடும்” என்கிறாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சீட்டாட்டத்துக்குப் போகாமல் சமையலறை வாசலில் காத்துக்கொண்டிருக்கிறேன். ஜெனரல் இப்போதுதான் ரசத்துக்கு வந்திருக்கிறாள்.