வெறும் சோடியம்

பொட்டாசியம் சேர்க்காத சோதனைக் குழாயிலும் நரம்புத் துகள் வேலை செய்துகொண்டிருந்தது. விபேக்கா மூன்றாவது முறையாக அளவைப் பார்த்தாள். அதே எண்தான்.

டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் நண்டுக் காலிலிருந்து நரம்பை உருவி அரைத்து, அதிலுள்ள பம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பது அவள் வேலை. அந்தப் பம்பு உயிரணுவின் சவ்வில் இருக்கிறது. உள்ளே சேரும் சோடியத்தில் மூன்றை வெளியே தள்ளும். பதிலுக்கு வெளியே நிற்கும் பொட்டாசியத்தில் இரண்டை உள்ளே இழுக்கும். இரண்டும் இருந்தால்தான் அது ஓடும் என்று சொல்வதற்காகவே பேராசிரியர் ஹோல்கர் மறுநாள் கோபன்ஹேகன் மாநாட்டுக்குக் கப்பலேறுகிறார்.

"குழாயச் சரியாக் கழுவினீங்களா?"

"அமிலம் ஊத்தியே கழுவினேன் சார்."

"அப்ப தண்ணியில கோளாறு."

தண்ணீரை மாற்றினாள். எண் அசையவில்லை.

"நண்டு பழசா இருக்கும்."

துறைமுகத்துக்குப் போய்ப் புது நண்டு வாங்கி வந்தாள். அதில் ஒன்று அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கட்டுப்போட்ட விரலோடு மறுபடி நரம்பு உருவினாள். எண் கொஞ்சம் ஏறியது.

"சோடியம் பத்தலையோ என்னவோ. ரெண்டு மடங்கு போடுங்க."

சோடியம் ஜாடியிலிருந்து உப்பை அள்ளிப் போட்டாள். எண் எகிறியது.

ஹோல்கர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து எழுந்தபோது அவர் முகம் பளபளத்தது.

"விபேக்கா, நாமதான் முட்டாள். பொட்டாசியமே தேவையில்ல."

நாலு வருட உழைப்பு, பன்னிரண்டு பக்கக் கட்டுரை. கிழித்து அடுப்பில் போட்டார். கோபன்ஹேகனுக்குத் தொலைபேசியில் பேசி உரையின் தலைப்பை மாற்றினார்.

"நாளைக்கு எல்லாரும் நம்மளத்தான் பாப்பாங்க."

"எப்படிப் பாப்பாங்கன்னுதான் பயமா இருக்கு சார்."

அப்போது கட்டடக் காவலாளி ஐனார், அவித்த உருளைக்கிழங்குத் தட்டோடு உள்ளே வந்தார். நேரே அலமாரிக்குப் போய் சோடியம் ஜாடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கு இவ்வளவு காலியாயிடுச்சு?"

விபேக்கா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இதுலேருந்தா உப்பு எடுக்கறீங்க?"

"சும்மா எடுப்பேனா? இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சோடியத்த நிறுத்திட்டு பொட்டாசியம் உப்புன்னு ஒண்ணு குடுத்திருக்கார், வாயில வைக்க முடியல. அதனால உங்களோடத மூணு ஸ்பூன் வெளிய எடுத்தா, என்னோடத ரெண்டு ஸ்பூன் உள்ள போட்டுடுவேன்."