உளவாளியின் நனைந்த நோட்டு

ஜூரா மலை, சுவிட்சர்லாந்து
மார்ச் 1879

அன்புள்ள அக்கா மதில்துக்கு,

கடவுள் அருளால் நலம் என்று எழுதினால் என் வீட்டுக்காரர் நூமா சண்டைக்கு வருவார். எனவே யாருடைய அருளுமின்றி நலம். உன் நலமறிய ஆவல்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உளவாளியின் நோட்டை அடுப்பின் மேல் காயப்போட்டேன். நேற்று எங்கள் வீட்டில் கூட்டம்: எட்டுக் கடிகாரத் தொழிலாளர்கள், நான், ஒரு பானை சூப். அரசே கூடாது என்பவர்களுக்குத் தலைவர் ஆகாது, செயலாளரும் ஆகாது. எனவே போன வாரம் பேசியது யாருக்கும் நினைவிருக்காது. போலீஸ் இந்த பெர்த்தூவை அனுப்பிய பிறகுதான் உருப்பட்டோம். மேசைக்கு அடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே இருக்கிறார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மரியாதை கருதி யாரும் பேசிக்கொள்வதில்லை.

நேற்று நூமா, "போன வாரம் என்னதான்யா முடிவு பண்ணோம்?" என்றார். எல்லாத் தலையும் பெர்த்தூ பக்கம் திரும்பியது.

"எனக்கெப்படித் தெரியும், தோழர்?"

"ரொம்பப் பிகு பண்ணாதய்யா. மேல எடுத்துவச்சே படி!"

பதறி எடுத்ததில் சூப் மொத்தமும் நோட்டின் மேல். காயவைத்துத் தருவதாக நான் வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை விரித்தால் உள்ளே ஓர் உறை. ஈரத்தில் பசை விட்டுப் போயிருந்தது. மேலதிகாரிக்கு அறிக்கை: "இவர்களால் ஈக்குக்கூட ஆபத்தில்லை. கூட்டத்தில் மணி அடிக்கலாமா என்றே மூன்று மாதமாக விவாதம். என்னை வேறு ஊருக்கு மாற்றவும்." மூன்று பேரரசர்கள் தன்னை நினைத்துத் தூக்கம் வராமல் புரள்வதாக நம்பும் நூமாவுக்குத் தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார்.

எனக்கும் வலித்தது, அக்கா. நோட்டில் நூமாவின் ஒன்றரை மணி நேரப் பேச்சு ஒரே வரி. சூப் ஊற்றிக்கொண்டே நான் சொன்னதெல்லாம் காற்புள்ளி உட்பட முழுசாக இருந்தது. பதினாறு வருடத்தில் இந்த வீட்டில் என் பேச்சைக் காதில் வாங்கியவர் ஒருவர்தான், அவரும் சம்பளத்துக்கு.

சரி, போகட்டும். உறையை ஒட்டி, எதையும் படிக்காதவள் போல மாலையில் கொடுத்துவிடுவேன்.

அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகளை ஆசீர்வதிக்க எனக்கு அதிகாரமில்லை, முத்தம் மட்டும்.

உன்
ஸெலின்

பி.கு.: உறையைக் கொடுக்கப் போவதில்லை. பள்ளியில் யார் கையெழுத்தையும் அச்சு அசலாக எழுதுவேனே, நினைவிருக்கிறதா? "சூப் ஊற்றும் பெண்தான் மகா ஆபத்தானவள். ஒரு வாரம்கூட விடாமல் அவள் பேச்சைக் கேட்டாக வேண்டும்." பெர்த்தூவின் கையெழுத்தில் இதைப் புது அறிக்கையாக எழுதி, அதே உறையில் வைத்து ஒட்டி, இந்தக் கடிதத்தோடு நானே தபாலில் சேர்க்கிறேன். நூமாவுக்குத் தெரியாது. பெர்த்தூ உறை எங்கே என்று கேட்டால், "அவசரம்போல இருந்துச்சு, நானே போட்டுட்டேன்" என்பேன். மரியாதை கருதி அவர் மேலே கேட்கமாட்டார்.