அரைக் கிழங்குக்கு ஏழு வருஷம்

ஒரு காட்டில், சிறைக் குகைகளெல்லாம் நிரம்பி வழிந்த காலத்தில், வேம்புலி என்றொரு முள்ளம்பன்றியும் அவன் மனைவி செங்கமலமும் இருந்தார்கள். செங்கமலம் அப்படியொரு நேர்மைக்காரி. வரிசையில் யாராவது முன்னே இடம் விட்டால்கூடப் பின்னால் போய்த்தான் நிற்பாள். வேம்புலிக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. ஒருநாள் பசி பொறுக்காமல் ராஜா தோட்டத்தில் புகுந்து அரைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டான்.

"கடல் கடந்து ஏழு வருஷம்!" என்று தீர்ப்புச் சொன்னார் நீதிபதி யானை.

"ஐயா, அரைக் கிழங்குதானே?" என்று அழுதாள் செங்கமலம்.

"முழுசாகத் தின்றிருந்தால் தூக்கு. மீதி வைத்ததால் கப்பல்."

துறைமுகத்தில் படிவம் நீட்டினார்கள். 'பயணத்தின் நோக்கம்: உல்லாசம், வியாபாரம், தண்டனை. பொருந்தாதவற்றை அடிக்கவும்.' கைரேகை இயந்திரம் வேம்புலியின் முள் குத்திச் செத்துப்போனது. புது இயந்திரம் வரும்வரை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கப்பல் கிளம்பியது. அது கடுகாகி மறையும்வரை செங்கமலம் கரையை விட்டு நகரவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கடற்புறா ஒரு கடிதம் கொண்டுவந்தது.

'கமலம், இங்கே தின்னத் தின்னக் கிழங்கு தீரவில்லை. எதுவும் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் திருடவே வழியில்லை. கைக்குட்டை திருடி வந்த குரங்கு ஏக்கத்தில் இளைத்துவிட்டது. முன்பே குடியிருக்கும் நண்டுகள் "உங்களை யார் கூப்பிட்டது?" என்று தினமும் கேட்கின்றன. பதில்தான் தெரியவில்லை. நீ இல்லாமல் எதுவும் இனிக்கவில்லை. சின்னதாக ஏதாவது திருடிவிட்டு வந்துவிடு.'

கடற்புறா வழியெல்லாம் இதை உரக்கப் படித்துக்கொண்டு வந்திருந்தது. மறுநாளே நீதிமன்ற வாசலில் காடு முழுக்க வரிசையில் நின்றது. செங்கமலத்துக்கு டோக்கன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் நாள் அவள் முறை வந்தது.

"என்ன திருடினீங்க?" என்று கேட்டது குமாஸ்தா ஓணான்.

"ஒரு கத்தரிக்காய்."

"எங்கே அது?"

"மனசு கேட்கலை. திருப்பி வெச்சுட்டேன்."

"திருப்பி வெச்சா அது திருட்டு இல்லம்மா, பார்வையிடுதல். அடுத்த ஆள்!"

செங்கமலத்துக்கு அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. நேரே விசாரணைக் கூடத்துக்குள் நுழைந்தாள். மேசைமேல் ஏறி, நீதிபதி தலையிலிருந்த வெள்ளை டோப்பாவை உருவிக்கொண்டு ஓடினாள்.

"திருடி! திருடி! பிடியுங்கள்!"

அவள் காதில் தேன் பாய்ந்தது.

"ஏழு வருஷம்!" என்று பிளிறினார் நீதிபதி.

"நன்றிங்க ஐயா. இன்னிக்கே கப்பல் இருக்குங்களா?"

தீவின் கரையில் வேம்புலி தலைதெறிக்க ஓடிவந்தான். "என்ன திருடினே?"

"நீதிபதியோட டோப்பாங்க."

பெருமையில் அவன் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றன. அவை அடங்கிய பிறகுதான் கட்டிக்கொள்ள முடிந்தது.

நாள் போனதே தெரியவில்லை. ஒருநாள் கப்பலில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். அவர் ஒரு கூழைக்கடா.

"வேம்புலி, உன் தண்டனை முடிந்தது. கிளம்பு. உன் மனைவிக்கு மட்டும் இன்னும் ஆறு மாதம் பாக்கி."

வேம்புலி செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, நான் இங்கேயே..."

"விடுதலையானவர்கள் தீவில் தங்கக்கூடாது. சட்டம்!"

அதிகாரி வேம்புலியின் மூட்டையைத் தூக்கக் குனிந்தார். செங்கமலம் பதறவேயில்லை. அவர் தொப்பியை அலுங்காமல் எடுத்தாள். புருஷன் கையில் வைத்தாள். அப்புறம் ஊரே கேட்கக் கத்தினாள்:

"ஐயையோ! இந்த ஆளு தொப்பியைத் திருடுறான், பாருங்க!"

அதிகாரி பெருமூச்சு விட்டுப் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

நீதி: ஒருமுறை திருடினால் மட்டும் போதாது, காலாவதி ஆவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.