பழச்சாறு கொடுக்க ஆளில்லை

சூசைநாதன் உண்ணாவிரதம் இருப்பதென்று தீர்மானித்துவிட்டார். முதலாளியை எதிர்த்து அல்ல. மனைவியை எதிர்த்து.

காலமெல்லாம் மில் வாசலில் கொடி பிடித்தவர். அவர் மேஜையைத் தட்டினால் மேனேஜரின் காபி தளும்பும். இன்று அவருடைய காபிக்கே ஆபத்து. தெருக்கோடியில் முதியோர் மன்றம் திறந்து கேரம், கோலாட்டம், மொபைல் வகுப்பு என்று ஆரம்பித்ததிலிருந்து செலின் மத்தியானம் வீட்டில் தங்குவதில்லை.

"இது கிழடுகளைத் தாலாட்டித் தூங்க வைக்கிற சதி, செலின்!"

"எங்கே தூங்க விடறாங்க? நேத்து கோலாட்டம் ஆடி முட்டி வலிக்குது. நீங்களும் வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

"நான் மேடையில நின்னவன். நாற்காலியில உக்காந்து கையைக் காலை ஆட்டறவன் இல்ல. நீ போறதை நிறுத்து. இல்லைன்னா காலவரையற்ற உண்ணாவிரதம்!"

செலின் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அடம்பிடிக்கிற நோயாளிகளை நிறையப் பார்த்தவள். அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"தாராளமா இருங்க. தண்ணி மட்டும் நிறையக் குடிங்க."

மத்தியானம் மீன் குழம்பு வைத்து, "மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்லிச் சாப்பிட்டாள். பிறகு ரஸ்க் டப்பாவையும் வாழைப்பழத்தையும் சமையலறையில் வைத்துப் பூட்டினாள்.

"இது எதுக்கு?"

"உங்க போராட்டத்தை நாளைக்கு யாரும் கொச்சைப்படுத்திடக் கூடாது பாருங்க."

பிளாஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

சூசைநாதன் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் 'நீதி கிடைக்கும்வரை ஓயமாட்டோம்' என்று எழுதி வாசலில் மாட்டினார். 'ஓயமாட்டோம்' என்பதில் அவர் ஒருவர்தான் இருந்தார். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் நஞ்சுண்டசாமி வந்து நின்றார்.

"ஏன் சார், வீடு வாடகைக்கா?"

"எழுதியிருக்கேனே, தெரியல?"

"தமிழ் பேச வரும் சார். எழுத்துதான் பரல்ல. நான் வரட்டா? இன்னைக்குக் கேரம் ஃபைனல்."

ஆதரவாளரும் போய்விட்டார். வயிறு தனியாகக் கோஷம் போட ஆரம்பித்தது.

உண்ணாவிரதத்துக்கு ஒரு மரபு உண்டு. தானே முடிக்கக் கூடாது. எதிர்த்தரப்பு வந்து பழச்சாறு கொடுக்கவேண்டும், கூட்டம் கைதட்டவேண்டும். எதிர்த்தரப்பும் கூட்டமும் மன்றத்தில் இருந்தன. வேறு வழியில்லை. போராட்டத்தின் அடுத்த கட்டத்தை அறிவித்தார்: முற்றுகை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, மன்றத்தை நடத்தும் கனகா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்கார வரல. முறையிட வந்திருக்கேன்!"

கேரம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. பசியில் தொடங்கிய பேச்சு மே தினத்தைத் தொட்டு, மில் பூட்டிய நாளில் வந்து முடிந்தது. யாரோ கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! வீட்டுச் சுவர்கள் கைதட்டுவதில்லை.

"உங்க கோரிக்கை என்ன சார்?" என்றாள் கனகா.

செலின் இரண்டாவது வரிசையிலிருந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"மூணு மணிக்குக் காபி" என்று வந்தது.

"ஏத்துக்கிட்டோம். தினமும் இங்கேயே. எங்க தரப்புலயும் ஒரு கோரிக்கை இருக்கு. நஞ்சுண்டசாமி சார் மாதிரி எழுத்து தெரியாதவங்களுக்கு நீங்க தமிழ் சொல்லித் தரணும். வாரம் நாலு நாள்."

பேரம் என்றதும் பழைய ரத்தம் கொதித்தது. மேஜையைத் தட்டினார். கேரம் காய்கள் துள்ளின.

"ரெண்டு நாள்!"

"நாலு சார்."

"மூணு! அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது!"

"சரி சார், மூணு."

வெற்றி! செலின் பிளாஸ்க்கைத் திறந்து எலுமிச்சைச் சாற்றை ஊற்றி நீட்டினாள். மறுபடி கைதட்டல். சூசைநாதன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"பார்த்தியா? நாலை மூணா இறக்கிட்டேன். ஆமா, அதுக்குள்ள சாறு ஏது?"

"காலையிலேயே பிழிஞ்சு வச்சேன்" என்றாள் செலின். "கனகாகிட்ட ரெண்டு நாள் போதும்னுதான் சொல்லியிருந்தேன். மூணாக்கினது நீங்கதாங்க."